செம்பருத்தியில குருவி, செவுத்து மேல பூனை

நான் டிரெய்லர் ஓட்றவன். கன்டெய்னர் ஏத்திகினு போவுமே, நீட்டு லாரி, அது. ஓட்றேன்னு சொல்லிக்கிறதுதான், பாதி நாளு ஓடாது. ஹார்பருக்கு வெளிய எண்ணூர் ரோட்டுல லைன்ல நிக்கும். முன்னாடி லாரி, பின்னாடி லாரி, நடுவுல நானு வேர்த்து ஊத்திகினு. ஸ்கூல் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத ஆளு. பேப்பர் குடுத்தா விசிறிக்கத்தான் தெரியும்.

அப்டி ஒரு நாளு லைன்ல நிக்கசொல்ல, மூஞ்சி கழுவலாம்னு பாதியா அறுத்த தண்ணி கேன்ல தண்ணி ஊத்தி ரோட்டோரமா வெச்சேன். சோப்ப எடுத்துகினு திரும்புறேன், ரெண்டு சிட்டுக்குருவி டபக்னு உள்ள குதிச்சி, முங்கி, ரெக்கைய ஒதறி, என் மூஞ்சி மேலயே தண்ணி அடிக்குது. நைனா! எனக்கு அப்டியே உள்ள ஜிவ்வுனு ஏறிச்சு. லைன் நகந்துடுச்சு. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். நான் நகரல. குருவி குளிச்சிகினு கீது, எப்டி நகர்றது? அவன் எறங்கி வந்து எங்க குடும்பம் மொத்தத்தையும் நல்லா விசாரிச்சிட்டு போனான்.

அன்னிக்கே முடிவு பண்ட்டேன். நம்ம வூட்டாண்டயும் குருவிய வர வெக்கணும்.

வூடு தண்டையார்பேட்டைல. பின்னாடி ஒரு துண்டு எடம் கீது. ஒரு முருங்கை மரம், ஒரு செம்பருத்தி செடி, துணி காயப்போட்ற கயிறு, அந்தாண்ட குடோன் செவுரு. அந்த செவுத்து மேலதான் எங்க தெரு பூனைங்க வாக்கிங் போவும். பக்கத்து வூட்டு அக்கா காசிமேட்ல மீன் எடுத்துகினு வந்து தெருத்தெருவா விக்கிறவங்க. அவங்க செதில் தட்டுற எடத்துலயே பொறந்து வளந்த பூனைங்க. ஒண்ணொண்ணும் கன்னுக்குட்டி சைஸு. அதுல ஒரு கடுவன், ஒரு காது கிடையாது. இன்னா சண்டைல போச்சோ. நடந்து வந்தா நம்பளே ஒதுங்கி வழி உடணும்.

தண்ணி வெக்க ஏனம் வேணுமே. அக்காவாண்ட கேட்டேன். ஒரு பழைய அலுமினிய பேசின் குடுத்தாங்க, அவங்க மீன் சொமந்த பேசின்தான். தேய்ச்சி கழுவி, செடியாண்ட தரையில வெச்சி, பக்கத்துல கொஞ்சம் கோதுமை எறச்சி உட்டுட்டு, கதவு சந்துல குந்திகினு பாத்தேன்.

மொத கிராக்கி பூனை. தண்ணிய குடிக்கல, பேசின்ன சுத்தி சுத்தி நக்கிச்சு. நான் இன்னா நெனச்சேன்? பாவம், தாகம் போல. எம்மாம் மூளை பாருங்க எனக்கு.

ஆனா அப்பால வந்துச்சுங்க! சிட்டுக்குருவி வரல, மைனா வந்துச்சு. தவிட்டுக்குருவி கூட்டமா வந்து கச்சமுச்சன்னு சண்டை போட்டுச்சு. ஒரு அணிலு வந்து கோதுமைய ரெண்டு கைலயும் புடிச்சிகினு, ஓசி சாப்பாடுன்னு கூச்சமே இல்லாம துன்னுச்சு. அப்பறம் ஒரு ஜோடி. தலைல கருப்பா கொண்டை, வாலுக்கு அடியில செவப்பு. வெத்தல துப்பின மாதிரி ஒரு செவப்பு. கொண்டைக்குருவின்னு அக்கா சொன்னாங்க. நான் லுங்கிய மடிச்சி கட்டிகினு வூட்டுக்குள்ள ஆடினேன். வூட்டுக்காரி தோசக்கரண்டியோட வந்து பாத்துட்டு, "இன்னாய்யா, காலைலயே ஊத்திகினியா?"ன்னா.

அடுத்த வாரம் அந்த ஒத்தக் காதன் செடி பின்னாடிலேர்ந்து ஒரே பாய்ச்சல். தண்ணி குடிச்சிகினு இருந்த ஒரு தவிட்டுக்குருவி போச்சு. பேசின்ல ரெண்டு எறகு மெதந்துகினு இருந்துச்சு. அவ்ளோதான்.

வூட்டுக்காரி அந்த எறகையே பாத்துகினு நின்னா. அப்பால என்னாண்ட திரும்பினா.

"விருந்துக்கு கூப்டு கழுத்தறுக்குறியா? அது பாட்டுக்கு எங்கியோ கெடந்துச்சு. தண்ணி கீது, சோறு கீதுன்னு இட்டாந்தது யாரு? நீதானே?"

நான் குனிஞ்சி எறக பொறுக்கினேன்.

"இன்னும் ஒண்ணு செத்துச்சு, செடிய வெட்டிட்டு சிமெண்டு போட்டு ஷீட் எறக்கிடுவேன். வாஷிங் மெஷின் வெக்க எடமாவது ஆவும்."

அவ சொன்னா செய்வா. அதனால நானும், சரி உட்டுத் தொலைக்கலாம், பேசின்ன எடுத்துடலாம்னு போறேன், செம்பருத்திக்குள்ள அந்த கொண்டைக்குருவி ஜோடி கூடு கட்டிகினு கீது! என் நெஞ்சு ஒசரத்துல, சின்ன கிண்ணி மாதிரி. உள்ள செவப்பு புள்ளி வெச்ச முட்டைங்க. இவ்ளோ பெரிய மெட்ராஸ்ல, ஹார்பர் புகைல, என் வூட்டு செடிதான் கெடச்சுதா உங்களுக்குன்னு கேக்கணும் போல இருந்துச்சு. சந்தோசம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் செவுத்து மேல ஒத்தக் காதன் குந்திகினு, ஓட்டல்ல ஆர்டர் குடுத்தவன் மாதிரி வெயிட் பண்ணிகினு கீறான்.

அப்பதான் என் மூளைல லைட் எரிஞ்சுது. காசிமேட்ல என் தோஸ்து ஒருத்தன் மீன்புடிக்கிற போட்டுக்கு வலை தெச்சி குடுக்கறான். அவனாண்ட கிழிஞ்ச வலை ஒண்ணு வாங்கியாந்து, செடிய சுத்தி கீழ்ப்பக்கமா பாவாடை கட்ன மாதிரி இழுத்து கட்டினேன். குருவி மேல வழியா போவும் வரும், பூனை கீழ வழியா ஏற முடியாது. கட்டி முடிச்சிட்டு இடுப்புல கைய வெச்சிகினு நின்னேன். என்ஜினியர் மாதிரி.

மறுநாள் காலைல பாத்தா, நம்ம தெரு பூனை மட்டும் இல்ல, அடுத்த தெரு பூனையும் வந்து வட்டமா குந்திகினு கீது. சிலது வலைய மோந்து பாக்குது, சிலது கடிக்குது. ஒரு குட்டி அது மேலயே பொரண்டு பொரண்டு படுக்குது.

"பாத்தியா, உள்ள பூற முடியலன்னு தர்ணா பண்ணுது"ன்னு நானு வூட்டுக்காரியாண்ட பெருமையா சொன்னேன்.

ஞாயித்துக்கெழம என் மச்சான் வந்தான். வூட்டுக்காரி தம்பி. தாம்பரம் பக்கம் வேலை, அங்கியே வூடு. என் கண்டுபிடிப்ப காட்லாம்னு பின்பக்கம் இட்டுகினு போனேன். கதவு தாண்டினதும் கர்ச்சீப்ப எடுத்து மூக்குல வெச்சிகினான்.

"மாமா, குருவி வளக்குறியா, கருவாட்டு கடை போட்டுகீறியா?"

"இன்னாடா?"

"வலை நாறுது மாமா! பேசின் நாறுது. உன் கையி கூட நாறுது. பூனைக்கு பத்திரிகை அடிச்சி கூப்டுட்டு பறவைய காப்பாத்துறியா?"

நான் மோந்து பாத்தேன். ஒண்ணும் தெரில. வூட்டுக்காரியும் மோந்து பாத்தா. அவளுக்கும் தெரில. அக்காவ கூப்டோம். அவங்க வலைய மூக்காண்ட வெச்சி இழுத்து பாத்துட்டு, "இன்னா நாத்தம்? ஒரு நாத்தமும் இல்லியேடா. தாம்பரத்து மூக்குல இன்னாமோ கோளாறு"ன்னாங்க.

மச்சான் தலைல அடிச்சிகினான். எனக்கு மெதுவா ஒறச்சுது. பொறந்ததுலேர்ந்து நாம இதத்தான் மூச்சா இழுத்துகினு கீறோம், நம்ம மூக்கு எப்பவோ ரிட்டயர்டு. பேசின்ன நக்கின பூனைக்கு தாகம்னு நெனச்சேனே!

அன்னிக்கே வலைய அவுத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்ல அமுக்கி, படிக்கட்டு கீழ தள்ளினேன். பேசின்ன அக்காவாண்டயே குடுத்துட்டேன். ரயில்வே லைனாண்ட வேலிகாத்தான் முள்ளு வெட்டியாந்து செடி அடில சுத்தி போட்டோம். கைல குத்தாத எடம் இல்ல. புது மண்சட்டி வாங்கி, ஒசரமா ஒரு இரும்பு பைப் நட்டு, அது மேல தண்ணி வெச்சோம். சுத்தி பூனை பதுங்க எதுவும் இல்லாத எடமா பாத்து. கூட்டம் கலஞ்சிடுச்சு. ஒத்தக் காதன் மட்டும் தெனமும் வந்து செவுத்துல குந்தும். முட்டை பொரிஞ்சி, ரெண்டு குஞ்சு, வாயத் தொறந்தா ஆளே வாயிதான். காலைல டூட்டிக்கு போறதுக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் டீ கிளாஸோட குந்திகினு அத்தயே பாப்போம். சண்டை போடவே மறந்துட்டோம்.

அப்பால அந்த காலைல, நான் பல்லு வெளக்கிகினு கீறேன். "யோவ்! கீழ!"ன்னு வூட்டுக்காரி தொண்டைக்குள்ளயே கத்துறா. ஒரு குஞ்சு ஏற்கனவே பறந்து முருங்கைல ஒக்காந்துகினு கீது. இன்னொண்ணு பறக்க பாத்து, முடியாம, முள்ளையும் தாண்டி துணி கயிறு கீழ தரையில வுழுந்து தத்திகினு கீது. வாலு கூட சரியா மொளைக்கல. ஆயியும் அப்பனும் தலைக்கு மேல கீச்சு கீச்சுன்னு கத்திகினு சுத்துது. செவுத்து மேல ஒத்தக் காதன், கூட ரெண்டு அல்லக்கை.

நான் கைய தட்டி "சூ சூ"ன்னேன். பூனை நகரல. குஞ்சு பயந்து நேரா செவுத்தாண்டயே தத்திச்சு.

"கத்தாதய்யா! அது அங்கதான் போவுது!"

ஒத்தக் காதன் முன்னங்கால கீழ எறக்கிட்டான். எனக்கு அப்ப எங்கேர்ந்து வந்துச்சோ அந்த ஐடியா. ஓடிப்போய் டிரம் மூடிய தொறந்தேன். எனக்கு ஒரு வாசனையும் வரல. ஆனா ஒத்தக் காதன் தலைய திருப்பிச்சு!

வலைய இஸ்துகினு பக்கத்து சந்து வழியா தெருவுக்கு ஓடினேன். வாயில பிரஷ்ஷு, இடுப்புல லுங்கி, பின்னாடி வலை, வலைக்கு பின்னாடி ஒத்தக் காதன், அது பின்னாடி அல்லக்கைங்க, வூட்டு வூட்டுக்கு ரெண்டு மூணுன்னு தெருவுல கீற எல்லா பூனையும். டீக்கடைல நின்னவங்க கிளாஸ கீழ வெச்சிட்டு சிரிக்கிறாங்க.

"மாமு, இன்னா ஊர்வலமா? எந்த கட்சி?"

பதில் சொல்ல வாயில பேஸ்ட்டு. முக்கு மசூதி வரைக்கும் ஓடினேன். அங்க லுங்கி வலைல மாட்டி, தடுக்கி, நானே வலைக்குள்ள உருண்டேன். மொத்த பூனையும் என் மேல ஏறி வலைய நக்குது. ஒத்தக் காதன் என் வயித்து மேல குந்திகினான். இவ்ளோ கிட்ட அவன இப்பதான் பாக்கறேன். சொல்லக் கூடாது, அழகன்தான்.

வலைய அங்கியே அதுங்களுக்கு தானம் பண்ணிட்டு, முட்டி செராச்சிகினு, நொண்டி நொண்டி வூட்டுக்கு வந்தேன். பின்பக்கம் அக்காவும் வூட்டுக்காரியும் ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சிகினு நிக்கிறாங்க. தரையில குஞ்சு இல்ல.

"எங்க?"

வூட்டுக்காரி முருங்கை மேல கைய காட்டினா. ஒரு கெளையில ரெண்டு குஞ்சும் ஒட்டிகினு, ஆயி அதுங்க வாயில இன்னாத்தையோ ஊட்டிகினு கீது.

"பறந்துச்சுய்யா! மொதல்ல கயித்து மேல. அப்பறம் ஒரு எம்பு, அப்டியே மேல!"

"நான் பாக்கலியே!"

"நீதான் தெருவுல பூனை மேய்ச்சிகினு இருந்தியே."

அய்ய, எனக்கு அழுகையா வருது, சிரிப்பா வருது. இத்தினி நாளு குந்திகினு பாத்து, அது பறக்கசொல்ல மட்டும் நான் மசூதியாண்ட பூனைக்கு அடியில கீறேன்.

"எப்டி பறந்துச்சு? காட்டு."

அவ ரெண்டு கையயும் விரிச்சி, முந்தானை பறக்க, துணி கயித்தாண்டலேர்ந்து முருங்கை வரைக்கும் ஓடி காட்டினா. எங்க கல்யாணத்துல கூட அவ இப்டி சிரிச்சி நான் பாத்தது இல்ல.

"அப்டி இல்லடி, மொதல்ல கொஞ்சம் சாஞ்சிச்சு"ன்னு அக்கா குறுக்க பூந்து, மீன் பையோட அவங்க ஒரு தபா பறந்து காட்டினாங்க.

"சிமெண்டு, ஷீட்டு?"ன்னேன் மெதுவா.

வூட்டுக்காரி சட்டில தண்ணி கம்மியா கீதுன்னு சொம்ப எடுத்தா. பைப்பு ஒசரம், அவளுக்கு எட்டல. நான் அவள தூக்கி புடிச்சேன்.

"ச்சீ, நாறுறய்யா"ன்னா.

"உனக்கு எப்டி தெரியும்?"னேன்.

"இப்ப தெரியுது"ன்னா, தண்ணிய ஊத்திகினே.