தையல் கடையில் குவைத்

இன்று ஈரத்துணியில் இஸ்திரிப்பெட்டி உரசிய வாசனை வந்ததும், கண்டிச் சந்தைக்குப் பின்னால் இருந்த, பிறகு வீதியை அகலமாக்க இடிக்கப்பட்ட எங்கள் தையல் கடை நினைவுக்கு வந்தது. ஒரு மெஷினில் அப்பா, மற்றதில் அக்குறணையிலிருந்து பஸ்ஸில் வரும் காசிம் நானா. பள்ளி விட்டதும், இரட்டைப் பின்னலோடு வெட்டுத்துணிகளின் மேல் உட்கார்ந்து நான் வீட்டுப்பாடம் எழுதுவேன்.

ஈராக் குவைத்தைப் பிடித்ததிலிருந்து மெஷின்களின் சத்தத்துக்கு மேலே ஒரே தர்க்கம். குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருந்த அம்மாவின் கடிதங்கள் நின்றுபோயிருந்தன.

"அமெரிக்காக்காரன் அடிச்சு வெரட்டினாத்தான் ஈராக்காரன் போவான், நானா," என்பார் அப்பா.

"அமெரிக்காக்காரன் எண்ணெய்க்கு வாறான், தம்பி. அவன்ட குண்டு ஒங்கட பொஞ்சாதியப் பாத்து வெலகுமா?" என்பார் நானா.

அப்பா இன்னும் வேகமாக மிதிப்பார்; நான் எழுதிய வரியையே மறுபடி எழுதுவேன். எங்கள் நாட்டிலேயே நடந்த யுத்தத்தைப் பற்றி மட்டும் அந்தக் கடையில் யாரும் வாய் திறந்ததில்லை.

அம்மா பின்னால் உயிரோடு வந்துசேர்ந்தார். ஆனால் குண்டுவீச்சு தொடங்கிவிட்டதாக வானொலி சொன்ன அந்தப் பின்னேரம் எங்களுக்கு அது தெரியாது. அப்பாவின் கால்கள் நின்றன.

"நானா, மேலருந்து போடுறவனுக்கு வேலைக்காரங்க இருக்குற வீடு எதுன்னு தெரியுமா?"

நானா என்னைப் பார்த்தார்.

"தெரியும், தம்பி. இப்ப கம்ப்யூட்டர்ல பாத்துத்தான் போடுறாங்க. சனங்க இருக்குற வீட்டுல விழாது," என்றார்.

அமெரிக்காவுக்காக அவர் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.