மேனேஜருக்காக ஒரு நிமிடம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏற்காட்டில், இறந்துபோன ஒருவருக்காக ஒரு நிமிட மௌன அஞ்சலிக்கு எழுந்து நின்றோம். மறுபடி உட்கார முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இந்த வாரப் பத்தி அதைப் பற்றித்தான்.

இறந்தவர் பெயர் ஆறுமுகம். ஆனால் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. கிளியூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில், காபிக்கொட்டை காயவைக்கும் களத்துக்கு மேஸ்திரியாக இருந்தவர். எஸ்டேட்டின் நிஜ மேனேஜரைத் தொழிலாளிகள் 'தொரை' என்றுதான் சொல்வார்கள். ஆக, 'மேனேஜர்' என்ற பட்டம் சும்மாதான் கிடந்தது. எஸ்டேட் ஃபுட்பால் டீமை நடத்திய ஆறுமுகத்துக்கு அதைச் சூட்டிவிட்டோம்.

யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது, எல்லாம் அவர் முடிவுதான். சேலத்திலிருந்து பெரிய டீம்கள் மலையேறி வந்து, தொங்கிய முகத்தோடு கடைசி பஸ்ஸைப் பிடித்ததெல்லாம் அவர் காலத்தில். மேட்ச் எந்த நிலையில் இருந்தாலும் கோட்டுக்கு வெளியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கத்த மாட்டார், குதிக்க மாட்டார். அவரைப் பார்த்து நாங்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊருக்குள் திரிந்தோம். அதுதான் அன்றைய ஸ்டைல்.

என் அப்பா ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டர். ஊருக்குள்ளேயே ஒண்டிக்கடை பக்கம் குடியிருந்தோம். நான் ஒரு நாளும் பந்தை உதைத்ததில்லை. தொண்டை வற்றக் கத்துவது மட்டுமே என் வேலை. ரசிகன் வேறு என்ன செய்வான்?

வயதானதும் மேனேஜர் ஒதுங்கிக்கொண்டார். டீம் வேறு கைகளுக்குப் போயிற்று. போன மாதம் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. காரியமெல்லாம் ஆன பிறகு, அவர் நின்ற மைதானத்திலேயே ஒரு அஞ்சலிக் கூட்டம் வைப்பது என்று பழைய ரசிகர்கள் முடிவு செய்தோம். ஏற்பாடு கோவிந்தன். என் பள்ளிக்கூட சிநேகிதன், இப்போது வேன் ஓட்டுகிறான். சேலத்தில் இருக்கும் எங்களை அவன்தான் ஏற்றிக்கொண்டு போனான். அடிவாரம் தாண்டும்போதே மலை உச்சி தெரியவில்லை. எல்லாம் மூட்டம்.

மைதானத்தின் ஒரு பக்கம் ரோடு. எதிர்ப்பக்கம் காபிச் சரிவு, வேலி கிடையாது. நடுவில் ஒரு மேஜை போட்டு மேனேஜரின் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தார்கள். அதன் முன்னால் பழுத்த பலாப்பழம் ஒன்று. இடைவேளையில் ஆட்டக்காரர்களுக்கு அவர் கையாலேயே பலாச்சுளை எடுத்துக் கொடுப்பார் — அந்த நினைவுக்காக யாரோ கொண்டுவந்து வைத்தது. வாசனை மைதானம் முழுக்க வீசியது.

மேஜைக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் பாவாயி அக்கா. மேனேஜரின் மனைவி. முட்டி தேய்ந்துபோனவர். உட்காரவைக்க ஒருவர், எழுப்பிவிட இருவர் வேண்டும்.

பேசுவதற்கு ஒரு பட்டாளமே தயாராக இருந்தது. நானும்தான். அதற்கு முன் மௌன அஞ்சலி. அறிவித்தவர் குப்புசாமி அண்ணன், அந்தக் காலத்து கோல்கீப்பர். மைக் தேவைப்படாத குரல் அவருக்கு.

"எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க. மேனேஜருக்காக ஒரு நிமிசம்."

நின்றோம். அதற்குள் மூட்டம் இறங்கி கோல்போஸ்ட்டை மறைத்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம். 'புஸ்ஸ்...' என்று ஒரு மூச்சு. சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டது போல. ஆனால், எவ்வளவு பெரிய டயர் அது?

தலையைத் தூக்கினேன். ரோட்டுப் பக்கத்து மூட்டத்துக்குள் முதலில் தெரிந்தது கால்கள். முட்டிக்குக் கீழே வெள்ளையாக, சாக்ஸ் போட்டது போல. பழைய ஆட்டக்காரர் யாரோ லேட்டாக வருகிறார் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். பிறகு அந்தக் கால்களுக்கு மேலே ஒரு கருப்புச் சுவர் தெரிந்தது. சுவருக்கு மேலே கொம்புகள்.

காட்டெருமை.

மலையில் இருப்பவர்களுக்கு அது புதிதல்ல. காபித் தோட்டத்தில், ரோட்டோரத்தில் அடிக்கடி பார்ப்பதுதான். ஆனால் சில மாதங்களுக்கு முன்னால், விறகு பொறுக்கப் போன ஒருவரை ஒரு காட்டெருமை முட்டித் தூக்கிப் போட்டதும், அவர் இன்னும் எழுந்து நடக்காததும் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

யாரும் கத்தவில்லை. அதுதான் ஆச்சரியம். கத்துவதையே பிழைப்பாக வைத்திருந்த கூட்டம் அது.

என் பக்கத்தில் நின்ற கோவிந்தன் உதட்டை அசைக்காமல் சொன்னான். "ஓடிராத. பின்னாடி கேக்குதா?"

கேட்டது. காபிச் செடிகளுக்குள்ளிருந்து சன்னமாக ஒரு கனைப்பு.

"கன்னுக்குட்டி. இது தாய். நாம ரெண்டுக்கும் நடுவுல நிக்கறோம்."

கன்றுக்கும் தாய்க்கும் நடுவே நிற்பதைவிட மோசமான இடம் அந்த மலையில் வேறு உண்டா?

கூட்டம் மெல்ல மெல்ல, கால் தேய்த்துத் தேய்த்து, கோல்போஸ்ட் பக்கமாக ஒதுங்க ஆரம்பித்தது. நானும் ஒதுங்கினேன். அப்புறம்தான் உறைத்தது — பாவாயி அக்கா ஒதுங்கவில்லை. அவரால் முடியாது. தாய் வரும் நேர்க்கோட்டில் மேஜை, போட்டோ, பழம், அக்கா. அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'யாராவது போவார்கள்' என்றுதான் நினைத்தேன்.

போனார். குப்புசாமி அண்ணன். அந்தப் பெரிய உடம்பு பூனை மாதிரி நகர்ந்து நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குந்தியது. அங்கிருந்து என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நாற்காலியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். எனக்கு முன்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். இல்லை. நான்தான் கிட்டத்தில் இருந்தேன்.

எப்படிப் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. நாற்காலியின் மறுபக்கம் குந்தினேன். அந்த நேரம் பார்த்து, எருமை முன்னங்காலால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தது. மண் அதிர்ந்தது என் பாதத்தில் தெரிந்தது. மூவரும் உறைந்துபோனோம். அதுவும் நின்றது. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

அப்படி எவ்வளவு நேரம்? கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்க, தலையைத் திருப்ப வேண்டுமே.

நாற்காலியின் கையைப் பிடித்திருந்த என் விரல்கள் தந்தியடித்தன. பிளாஸ்டிக் கிடுகிடுவென்று ஆடியது. பாவாயி அக்கா தன் கையை எடுத்து என் விரல்கள் மேல் வைத்தார்.

"பயமா இருக்குதா சாமி?" காதுக்கு எட்டியும் எட்டாமலும்.

"ஆமாங்க்கா."

"எனக்கும் நொம்ப பயமா இருக்குது. அவருக்கும் இப்புடித்தான் ஆவும்."

"யாருக்குங்க்கா?"

"உங்க மேனேஜருக்குத்தான். மேட்சுக்கு முந்தின நாளு ஊட்டுல சோறு எறங்காது. வெடியால எந்திரிச்சு வாந்தி எடுப்பாரு. தோத்துட்டா பசங்க மனசு ஒடைஞ்சு போயிருமேன்னு பயம். எவனாச்சும் கால ஒடைச்சுக்குவானோன்னு பயம். மைதானத்துல கையப் பின்னால கட்டிக்கிட்டு நிப்பாரில்ல... வெடவெடன்னு ஆடறது யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதானுங்க."

எதிர்ப்பக்கம் குந்தியிருந்த குப்புசாமி அண்ணனைப் பார்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர். பயமா, துக்கமா? அந்த நேரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இருந்ததாகத் தோன்றவில்லை.

காபிச் செடிக்குள்ளிருந்து மறுபடியும் கன்று கனைத்தது. தாயின் காதுகள் அந்தப் பக்கம் திரும்பின. குப்புசாமி அண்ணன் விரலால் தரையைத் தட்டினார். இப்போது.

தூக்கினோம். அக்கா கனமில்லை. பக்கவாட்டில் ஒரு அடி. நிறுத்தம். இன்னொரு அடி. நிறுத்தம். நாற்காலியின் கால் ஒரு கல்லில் இடித்து 'டக்' என்றது. எருமையின் தலை சட்டென்று எங்கள் பக்கம் திரும்பியது. செத்தோம் என்று நினைத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "சேர்வராயா, சேர்வராயா" என்று மலைச்சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அது நடந்தது. ஓடவில்லை, பாயவில்லை — நடந்தது. நாங்கள் சற்று முன் இருந்த இடத்தைத் தாண்டி, மேஜையை விலாவால் உரசிச் சாய்த்துவிட்டு, உருண்ட பலாப்பழத்தை முகர்ந்துகூடப் பார்க்காமல், காபிச் சரிவுக்குள் இறங்கியது. ஈர மண்ணும் சாணமும் கலந்த ஒரு வாடை எங்கள் மேல் அடித்துவிட்டுப் போனது. செடிகள் முறியும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றும் கேட்காததுதான் அதைவிடப் பயம். போய்விட்டதா, மூட்டத்துக்குள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறதா? நாற்காலியைக் கீழே வைக்கவும் பயந்து, தூக்கியபடியே நின்றோம்.

கடைசியில் கோவிந்தன் வேனை ரோட்டோரமாகவே நகர்த்தி வந்து விளக்கைப் போட்டான். மைதானம் காலியாக இருந்தது. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள் — நாற்காலியில் அல்ல, நின்ற இடத்திலேயே தரையில். குப்புசாமி அண்ணன் போட்டோவை எடுத்துத் துடைத்தார். கண்ணாடி உடையவில்லை. சட்டைப் பையிலிருந்த என் பேச்சுத்தாள் வேர்வையில் நனைந்து கூழாகியிருந்தது. அதில் 'அச்சம் என்பதையே அறியாதவர் எங்கள் மேனேஜர்' என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன். நல்லவேளை, படிக்கவில்லை.

அச்சமறியாதவர் என்று நாம் யார் யாருக்கோ பட்டம் கொடுத்து வைத்திருக்கிறோம். கொடுப்பதற்கு முன்னால் அவர்கள் வீட்டில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுவது நல்லது. பயமே இல்லாதவனுக்கு அந்தக் கோட்டோரம் நிற்பது சுலபம். காலையில் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து நிற்பது? அந்த மனிதரை இத்தனை வருடம் தப்பான காரணத்துக்காகக் கொண்டாடியிருக்கிறோம். சரியான காரணம் இன்னும் பெரியது.

பேச்செல்லாம் ரத்து. அக்காவை வேனில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கினோம். கோவிந்தன் வேன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"அடுத்த வருசம் சேலத்துல ஒரு மண்டபம் புடிச்சரலாமுங்க்கா. நாலு பக்கமும் சொவரு, கதவு. பயமில்லாம நடத்தலாம்."

பாவாயி அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"மண்டபமெல்லாம் வேண்டாமுங்க. இங்கியே வெய்ங்க. பயமிருந்தாத்தான் நீங்கெல்லாம் சுருக்கப் பேசுவீங்க."

அஞ்சலிக் கூட்டம் நடத்துகிறவர்கள் தயவுசெய்து கவனிக்கவும்.