கடைசி நடையின் பயணச்சீட்டு

நான் நாள்தோறும் ஓதும் பதிகப் புத்தகத்தின் நடுவில் ஒரு பேருந்துப் பயணச்சீட்டு இருக்கிறது. மலைமேல் சோளக்காட்டிலிருந்து அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு இறங்கும் கடைசி நடையில், எங்கள் மலைப் பேருந்தின் நடத்துநர் தம் மகளுக்குக் கொடுத்த சீட்டு அது. பன்னிரண்டு ஆண்டுகளாகப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பக்கமே முதலில் விரிகிறது.

கொல்லிமலைப் பள்ளியொன்றில் நான் தமிழாசிரியனாக இருந்த கடைசி ஆண்டில், பழைய நாடகம் ஒன்றை முழுதும் பாட்டாலேயே நடக்கும் இசை நாடகமாக எழுதினேன். பகைவனின் மகனை விரும்பிய பெண்ணை, அவள் உயிரோடிருக்கும்போதே இறந்தவள் என்று அறிவிக்கிறார் தந்தை. காதலர் இருவரும் நஞ்சுண்டு மாள்கிறார்கள். மகளின் உடல்மீது கோடித்துணி போர்த்தித் தந்தை பாடும் புலம்பலோடு கதை முடியும். தந்தை வேடத்துக்கு நடத்துநரைக் கேட்டேன். வளைவுகளில் திணறும் இஞ்சினின் இரைச்சலுக்கு மேலும் கேட்கும் குரல் அவருடையது. அதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது முழு உண்மையன்று.

அவருடைய ஒரே மகள் என் பழைய மாணவி, தாயில்லாப் பெண். அடிவாரத்து லாரி ஓட்டுநர் ஒருவரைச் சாதி கடந்து மணந்தாள் என்பதற்காக, ஓடையில் இறங்கி அவளைத் தலைமுழுகியிருந்தார். அவள் என்றேனும் அவர் பேருந்தில் ஏறினால், அயலாருக்குக் கொடுப்பதுபோல் சீட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஏழு மாதக் கர்ப்பிணியாக என்னைப் பார்க்க வந்தவள், "தலப்பிரசவம் எங்கூட்டுல ஆவோணும்னு ஆசையா இருக்குதுங்க சார். அதுகூட வேண்டாம். அப்பா ஒருக்கா 'கண்ணு'ன்னு கூப்ட்டாப் போதுமுங்க" என்றாள். ஆண்டவனே பாட்டுக்கு இரங்குபவன். இந்த மனிதர் இரங்கமாட்டாரா என்று எண்ணினேன். புலம்பலின் ஒவ்வோர் அடியும் 'கண்ணு' என்று முடியும்படி எழுதினேன்.

ஒத்திகையில் சினப் பாடல்களை மலையதிரப் பாடியவர், புலம்பல் வந்ததும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். "அத மேடையில பாடிக்கறேனுங்க வாத்தியாரே." தூதுவனாக நடித்த பேருந்து ஓட்டுநர் விடமாட்டார்: "ஏனுங்க கண்டக்டரே, பொணம் ஏறுனாலும் டிக்கெட் போடுவீங்களாட்ட இருக்குது?" "பொணமோ ஆளோ, ஏறுனா டிக்கெட்டுதான். நீ ரோட்டப் பாத்து ஓட்டு." எல்லோரும் சிரித்தோம்; நானும்.

வெளியூர்க்காரர்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்கவேண்டும் என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பள்ளி மைதானத்தில் நாடகம் நடந்தது. நான் சொல்லியனுப்பியபடி மகள் வந்து பெண்களோடு அமர்ந்திருந்தாள். நடத்துநர் அவளைப் பார்த்தார். பார்த்தபடியே கோடித்துணியை விரித்து, மகள் வேடத்தில் கிடந்தவளின் முகம்வரை போர்த்தினார். பிறகு பாடினார். 'கண்ணு' என்று அவர் குரல் உடைந்தபோது பக்கத்து வாழவந்தி நாட்டு ஊர்களிலிருந்து வந்திருந்த கிழவிகள் எழுந்து மாரடித்து அழுதார்கள். மங்களம் பாட, இறந்தவள் எழுந்து நின்றாள். அவர் மட்டும் துணியருகே மண்டியிட்டபடி இருந்தார். என் பாட்டு வென்றுவிட்டதாக நெஞ்சுக்குள் கைகூப்பினேன்.

மேடைக்குப் பின்னால் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "அப்பா, கூப்ட்டீங்களே!" வேடம் கலையாத முகத்தைத் துண்டால் துடைத்தபடி அவர் என்னிடம்தான் பேசினார். "தல முழுகுனப்போ எனக்கு அழுவ வரலீங்க வாத்தியாரே. அது ஒன்னு மனசுல கெடந்து அறுத்துட்டே இருந்துச்சு. இன்னிக்குக் கோடி போட்டு அழுதாச்சு. எல்லாம் முடிஞ்சுதுங்க." அந்தக் குரலில் சினம் இல்லை, ஆறுதல் இருந்தது. உயிர்ப்பிக்க எழுதிய பாட்டாலேயே அவர் மகளை அடக்கம் செய்திருந்தார்.

அன்றைய கடைசி நடையும் அவருடைய பணியே. மகள் ஊர் திரும்ப வேறு பேருந்து இல்லை. துணைக்கு நானும் ஏறினேன். காதோரம் அரிதாரம் ஒட்டியிருக்க, காக்கிச் சட்டையில் வந்தவர், "எங்கீங்க?" என்று மகளைக் கேட்டார். "சேந்தமங்கலமுங்க" என்றாள் அவள். சீட்டு கை மாறியது. கீழே இறங்கியதும் அவள் அதை என்னிடம் நீட்டினாள். "நீங்களே வெச்சுக்குங்க சார்." குழந்தை சேந்தமங்கலத்தில் பிறந்தது. அவள் மலைக்கு வரவேயில்லை.

சென்ற மாதம் நடத்துநர் இறந்தார். மகளுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னேன். "செத்தவ எப்படீங்க சார் எழவுக்கு வருவா?" என்றாள்.

நடத்துநரின் கைக்கருவியில் அச்சிட்ட அந்தச் சீட்டில் இப்போது ஓர் எழுத்தும் இல்லை. ஊர்ப் பெயர்கள்கூட வெளுத்துவிட்டன. இன்று காலையும் புத்தகம் அங்கேயே விரிந்தது. இறைவன் பாட்டுக்கு உருகுவான் என்று சொல்லும் பதிகம் அது. முன்பெல்லாம் அதை உரத்துப் பாடுவேன். இப்போது சீட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு, ஓசை எழாமல் வாய்க்குள் ஓதி முடிக்கிறேன்.