என் மகன் பெயரை மட்டும் சொன்ன ஜெபம்

சபையாரே, கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். சாவின் வாசல்வரை போன என் மகனைத் திருப்பிக் கொடுத்தார். இந்த இரண்டு வரியை எழுத எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. நம் சபைப் போதகர் ஐயர் இரண்டு முறை கேட்டார். சந்தோஷ சாட்சிதானே, எழுதினால் என்ன என்றார். அது முழுதும் சந்தோஷ சாட்சி அல்ல. அதனால்தான் தள்ளிப்போட்டேன். இப்போது நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

நான் ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் மேஸ்திரி. சுற்றுப்பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பச்சைத் தோலைப் பிரித்துப் பார்த்துத் தரம் சொல்லுவது என் வேலை. மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த என் மகன் ஜெயராஜ், இங்குள்ள ஆண்கள் பள்ளியில் மூன்றாம் பாரம் படித்தான். அதோடு நடுநிலைப் படிப்பு முடிகிறது. இந்தப் பங்குனியில் அவன் தேறினான். எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன் இருந்ததில்லை.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. மூன்றாம் பாரம் முடித்துப் போகிற பையன்கள் பள்ளி மேளத்துக்குத் தங்கள் கையாலேயே புதுத் தோல் கட்டவேண்டும். விழா நாளில் அதை அடித்துக்கொண்டு ஊர்வலம் வந்து, அடுத்த வகுப்பிடம் ஒப்படைக்கவேண்டும். பையன்களில் முக்கால்வாசிப் பேர் தோல் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு அது பெரிய பெருமை. இந்த வருஷம் தோல் கொண்டுவரும் பொறுப்பு ஜெயராஜுக்கும் அவன் சிநேகிதன் முருகேசனுக்கும் வந்தது. முருகேசனின் தகப்பன் சின்னசாமி எங்கள் கிடங்கில், மயிர் கழலத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்கிறவர். இந்துக் குடும்பம். நல்ல மனுஷர்.

விழாவுக்குப் பத்து நாள் முன்பு, ஒரு திங்கட்கிழமை, இரண்டு பேரும் கிடங்குக்கு வந்து நின்றார்கள். கழித்துப் போட்ட குவியலிலிருந்து ஓர் ஆட்டுத் தோலை எடுத்துக் கொடுத்தேன். அறுத்த ஆட்டின் தோல் உட்புறம் வெளுத்திருக்கும். தானாகச் செத்த ஆட்டில் ரத்தம் வடிந்திருக்காது. நரம்பெல்லாம் கறுத்துத் தெரியும். நான் கொடுத்த தோல் கறுத்திருந்தது. இருபது வருஷம் அதையே பார்த்த கண் எனக்கு. செத்த ஆட்டுத் தோல் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். பதனிடத்தானே ஆகாது, மெல்லிசாக இருக்கிறது, மேளத்துக்கு நன்றாக ஒலிக்கும் என்று நினைத்தேன். ஆட்டைக் கொன்ற நோய் மனுஷனுக்கும் வரும் என்று நான் நினைக்கவேயில்லை.

முருகேசன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். மறுநாள் எங்கள் வீட்டு முற்றத்தில் இருவரும் மழுங்கின கத்தியால் மயிரைச் சுரண்டினார்கள். ஜெயராஜுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. முருகேசன் ஒரு பிடி மயிரை எடுத்து அவன் மூக்குக்குக் கீழே வைத்து, "டேய், உன் மீசையை விட இது ஜாஸ்தி" என்றான். என் மனைவி எஸ்தர் கூடச் சிரித்தாள்.

சனிக்கிழமை ஜெயராஜின் மணிக்கட்டில் ஒரு கொப்புளம் தெரிந்தது. வலி இல்லை என்றான். ஞாயிறு காலை அதன் நடு கறுத்துவிட்டது. கை முழங்கைவரை வீங்கியிருந்தது. உடம்பு நெருப்பாகச் சுட்டது. ஆராதனைக்குப் போகாமல் ஜட்கா வண்டி பிடித்து அவனை ரயிலடிக்குக் கொண்டுபோனேன். வழியில் அவன் சொன்னான்: "அப்பா, முருகேசனுக்குக் கழுத்துல இதே மாதிரி இருக்குது. அவனையும் ஏத்திக்கலாம்பா."

அவர்கள் தெருமுனையைத் தாண்டித்தான் வண்டி போயிற்று. ரயிலுக்கு நேரமாகிவிடும் என்று பயந்தேன். "அவனை அவங்க அப்பா பாத்துக்குவாரு. நீ படு" என்றேன். வண்டியை நிறுத்தவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்த உடனே, தோல் வேலை செய்கிற வீடா என்று கேட்டார். ஆம் என்றேன். இது ஆடுமாடுகளுக்கு வருகிற அடைப்பான், செத்த மிருகத்தின் தோலிலிருந்து தொற்றியிருக்கிறது என்றார். கையில் கொப்புளத்தை அறுத்து மருந்து வைத்தார்கள். பிழைப்பான் என்று யாரும் சொல்லவில்லை.

வராந்தாவில் தூண் ஓரத்தில் முழங்கால் படியிட்டேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லை. "ஜெயராஜைத் தாரும், ஜெயராஜைத் தாரும்" என்று மட்டும் சொன்னேன். போகிறவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் அதே இடம், அதே வார்த்தை.

திங்கட்கிழமை மாலை சின்னசாமி முருகேசனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பையனின் கழுத்தும் முகமும் ஒன்றாக வீங்கி, கண் மூடியிருந்தது. அவரைப் பார்த்தும் நான் எழுந்து பக்கத்தில் போகவில்லை. செவ்வாய் பிற்பகல் முருகேசன் போய்விட்டான். புதன்கிழமை காலை ஜெயராஜுக்குக் காய்ச்சல் விட்டது. கஞ்சி கேட்டான். அடுத்தபடியாக முருகேசனைக் கேட்டான்.

விழாவைப் பள்ளியில் தள்ளிவைத்து, சித்திரையில் நடத்தினார்கள். ஊர்வலம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். தோரணம் கட்டியிருந்தார்கள். பெற்றோருக்குப் பூந்தி கொடுத்தார்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு சர்டிபிகேட் கொடுத்தார்கள். ஜெயராஜ் கட்டுப்போட்ட கையைத் தொங்கவிட்டபடி மற்றக் கையால் வாங்கினான். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு தலைமையாசிரியர் முருகேசன் பெயரையும் கூப்பிட்டார். வெளுத்த வேட்டி கட்டி சின்னசாமி எழுந்து போனார். யாரும் கை தட்டவில்லை. என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். மனைவி பொன்னம்மாளும் கூட வந்தாள்.

"மேஸ்திரி, இன்னா எழுதியிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். சின்னசாமி மகன் முருகேசன் மூன்றாம் பாரம் தேறினான், நடத்தை மிக நன்று. அவ்வளவுதான் இருந்தது. அன்று காலைதான் நான் கர்த்தரிடம் இரண்டாவது ஜெபம் செய்திருந்தேன்: என் வாயைத் திறந்துவிடும் என்று. அவர் திறந்தார்.

"அந்தத் தோலை நான்தான் குடுத்தேன். செத்த ஆட்டுத் தோல்னு தெரிஞ்சேதான் குடுத்தேன்" என்றேன்.

சின்னசாமி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார். "தோள்ல போட்டுனு வீட்டுக்கு வந்தப்பவே பாத்தேன். நான்தானே சுண்ணாம்பு தடவிக் குடுத்தேன். நானும்தான் ஒண்ணும் சொல்லல."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பொன்னம்மாள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஆஸ்பத்திரியில நீங்க முட்டி போட்டுனே இருந்தீங்களாம், இவரு சொன்னாரு. எம் புள்ளைக்கும் சேத்துக் கேட்டீங்களா?" என்றாள்.

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"இல்லம்மா. கேக்கல" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "சின்னவன் இருக்கான். ஏழுமலை. அவனுக்காவது கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் புருஷனோடு போய்விட்டாள்.

சபையாரே, நான் கேட்டிருந்தால் முருகேசன் பிழைத்திருப்பானா? எனக்குத் தெரியாது. ஐயரிடம் கேட்டேன். அவரும் தெரியும் என்று சொல்லவில்லை. என்னோடு உட்கார்ந்து அழுதார். வண்டியை நிறுத்தாதவன் நான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் கேட்டதையும் கர்த்தர் தள்ளவில்லை. ஜெயராஜின் கை வளைகிறது. இரண்டு விரல் மட்டும் இன்னும் மடங்கவில்லை. அவன் அதைப்பற்றி முறையிட்டதில்லை.

கிடங்கு முதலாளி சாயபுவிடம் நடந்ததைச் சொன்னேன். செத்த ஆட்டுத் தோலை இப்போது யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. குழி வெட்டிப் புதைக்கிறோம். என் ஜெபமும் மாறிவிட்டது. முன்பு என் வீட்டுப் பெயர்களோடு அது முடிந்துவிடும்.

உங்களில் யாராவது இன்று நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தைரியமாகக் கேளுங்கள். கர்த்தர் கேட்கிறார், அதற்கு நான் சாட்சி. ஆனால் கேட்கும்போது அடுத்த கட்டிலில் படுத்திருக்கிற பிள்ளை யாருடையது என்று விசாரித்து, அவன் பெயரையும் சொல்லுங்கள். ஏழுமலை இப்போது முதல் பாரத்தில் சேர்ந்திருக்கிறான். தினமும் காலையில் அவன் பெயரைத்தான் முதலில் சொல்லுகிறேன்.