பாலத்தடிப் பூதத்தை வரவழைத்தது யார்

"அக்கா, நீ கூட வரலாம். ஆனா அங்க வந்து வாயைத் திறக்கக் கூடாது" என்று தங்கை காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

அக்கா தலையாட்டினாள். சீருடை தைக்கும் கூடத்தில் நாற்பது பேரைக் கட்டி மேய்ப்பவள் அவள். வாயை மூடிக்கொண்டு உட்காருவது பழக்கமில்லாத வேலைதான். ஆனால் தங்கை எழுதியது புத்தகமாக வரப்போகிறது; இன்று அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். பொத்தான் வைப்பவள் முதல் வாசல் காவலாளி வரை எல்லோரிடமும் அக்கா சொல்லியாகிவிட்டது.

தங்கையை எல்லோரும் மருந்துக்காரி என்பார்கள். பத்தொன்பது வயதில் பூச்சி ஒழிப்பு நிறுவனத்தில் சேர்ந்தவள், இப்போது முப்பத்தாறு. பரணிலும் கட்டிலடியிலும் தவழ்ந்து தவழ்ந்து முழங்கால் காய்த்துப்போயிருந்தது. கரையானோ எலியோ மூட்டைப்பூச்சியோ, போன உடனே மருந்தடிக்க மாட்டாள். நிறுவனத்தின் ஆய்வுப் படிவத்தை எடுத்து அதில் இருக்கும் நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதுவாள். என்ன தின்கிறது? எங்கே தங்குகிறது? எந்த வழியாக வந்தது? வரவழைத்தது எது?

மற்ற ஆட்கள் நான்காவதில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எழுதினால் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். குளியலறைக் குழாய் ஆறு மாதமாக ஒழுகுகிறது என்று இவள் எழுதிக் கொடுத்தபோது, "என் வீட்டுக்குக் குறை சொல்லவா உன்னைக் கூப்பிட்டேன்?" என்று ஒருவர் வாசல்வரை வந்து கத்தினார். மேலாளர் இரண்டு முறை எச்சரித்தார். அவள் எழுதுவதை விடவில்லை.

இன்று கையெழுத்துப் போடப் போகும் விளையாட்டுக் கடைக்கு அவள் முதலில் போனதும் கரையானுக்காகத்தான். அங்கே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடுவார்கள். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேடம் ஏற்று, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லிப் பகடை உருட்டுவார்கள். வழியில் டிராகன் வரும், ரத்தக்காட்டேரி வரும், பாலத்தடிப் பூதம் வரும். அந்த ஜந்துக்களின் விவரப் புத்தகத்தைத்தான் கரையான் பாதி தின்றிருந்தது. மீதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவள் கடைக்காரரைக் கேட்டாள்: "ஏன் சார், இந்த டிராகன் நூறு வருஷமா மலைக்குள்ள இருக்குன்னு போட்டிருக்கு. என்ன தின்னுச்சுன்னு போடலையே. அந்தப் பக்கத்தையும் கரையான் தின்னுடுச்சா?"

கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப நீங்களே எழுதுங்கம்மா. நான் புத்தகமா போடுறேன்."

எழுதினாள். நான்கு ஆண்டுகள், விடுமுறை நாட்களில், பழைய ஆய்வுப் படிவங்களின் பின்பக்கத்தில், ஒவ்வொரு ஜந்துவுக்கும் அதே நான்கு கேள்விகளை வைத்து எழுதினாள். கதைகளில் டிராகன் தங்கக் குவியலின்மேல் படுத்திருக்கும்; அவளுடைய டிராகன் அப்படிப் படுத்தது பேராசையால் அல்ல. மலையடி வெந்நீர் ஊற்றை அரசன் தன் குளியலறைக்குத் திருப்பிவிட்டான், குகை குளிர்ந்துவிட்டது, தன் உடம்புச் சூட்டை முட்டைகளுக்குக் கடத்தத்தான் அதற்குத் தங்கம் வேண்டும். அழைக்காத வீட்டுக்குள் காட்டேரி வராது என்பார்கள். அப்படியானால் அழைத்தது யார் என்று இவள் தேடினாள். படுக்கையில் கிடந்த அப்பாவைப் பின்னறையில் போட்டுவிட்டு, யாராவது வந்து பார்த்துக்கொண்டால் போதும் என்று சொன்ன பிள்ளைகள்தான் அழைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் அக்கா முத்து முத்தான கையெழுத்தில் பிரதி எடுத்தாள். ஓர் எழுத்து பிசகினாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

இன்று கடைக்குப் போனதும் கடைக்காரர் அச்சுக்குத் தயாரான தாள்களை மேசையில் பரப்பினார். பக்கத்தில் அக்காவின் கையெழுத்துப் பிரதிகளும் சம்மதப் பத்திரமும் பேனாவும் இருந்தன. மருந்துக்காரி விரல் வைத்துப் படித்தாள். பாலத்தடிப் பூதம் வந்ததும் விரல் நின்றது. மூன்று கேள்விகள் இருந்தன. நான்காவது இருந்த இடத்தில், "அடி தாங்கும் உயிர்ப்புள்ளி எண்பது. வீழ்த்தும் வழி நெருப்பு" என்று இருந்தது. மற்ற பக்கங்களிலும் இதே கதைதான்.

"நாலாவது கேள்வி எங்க சார்?"

"அது எதுக்கும்மா? விளையாட வர்றவங்களுக்கு அடிக்க ஒரு ஜந்து வேணும், அவ்வளவுதான். பாடம் கேக்கவா வர்றாங்க? இங்க பாருங்க, அட்டையிலேயே உங்க பேரு, எவ்வளவு பெருசா போட்டிருக்கேன்."

பெயர் பெரிதாகத்தான் இருந்தது. அக்காவுக்கு ஒரு கணம் கண் நிறைந்துபோனது. மேசைக்கடியில் தங்கையின் தொடையைக் கிள்ளி, "போட்டுடுடி" என்று முணுமுணுத்தாள்.

"சந்தேகமா இருந்தா ஒரு ஆட்டம் ஆடிப் பாத்துடலாம்" என்றார் கடைக்காரர். வழக்கமாக வருகிற பல் டாக்டரும் கணக்கு டீச்சரும் அங்கேதான் இருந்தார்கள். டாக்டர் வீரன், டீச்சர் மந்திரவாதி. கடைக்காரர் கதை நடத்தினார். இருவரும் பாலத்தின் நடுவே வந்தபோது அடியிலிருந்து பூதம் எட்டிப் பார்த்தது, கையை நீட்டியது. டீச்சர் அந்தக் கையில் நெருப்பை விட்டார். டாக்டர் வாளை வீசினார். பத்து நிமிடத்தில் பூதம் செத்தது.

"அவ்வளவுதானா?" என்றார் டாக்டர். "ஊசி போட்டுப் பல்லு புடுங்குன மாதிரி இருக்கு. ஒண்ணுமே தெரியலை."

கடைக்காரர் மருந்துக்காரியைப் பார்த்தார். "நான் இவ்வளவு மாத்தியும் உங்க பூதத்துல சரக்கு இல்லையேம்மா."

அக்காவுக்குச் சுரீர் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். தங்கை டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"இப்ப நீங்க ரெண்டு பேரும் எங்க நிக்கிறீங்க சார்?"

"பாலத்து மேல."

"அந்தப் பாலத்தை இதுவரைக்கும் தாங்கிட்டு இருந்தது யாருன்னு நினைக்கிறீங்க?"

விடையையும் அவளே சொன்னாள். முப்பது வருடமாக அந்த ஊர்க்காரர்கள் பாலத்தைப் பழுது பார்க்கவில்லை. காரை உதிர்ந்தது, காரை தின்னும் பூதம் வந்தது. தின்னத் தின்ன வளைவு இறங்கியது. இறங்கிய வளைவை அது தோளில் தாங்கிக்கொண்டது. கடந்து போகிறவர்களிடம் அது கை நீட்டியது முட்டுக் கொடுக்க ஒரு கல் கேட்டுத்தான்.

டீச்சர் கையிலிருந்த பகடையைக் கீழே வைத்தார். "ஐயோ, நான் அந்தக் கையிலதானே நெருப்பை விட்டேன்."

"அப்ப பாலம்?" என்றார் டாக்டர்.

"விழும்."

"விழாது" என்றார் கடைக்காரர். "இங்க கதை நடத்துறது நான்."

"விழட்டும் சார்" என்றார் டீச்சர். "செஞ்சது நாங்கதானே? அதுக்கப்புறம் தண்ணியில என்ன பண்றோம்னுதான் ஆடணும்."

கடைக்காரர் குரலை உயர்த்தினார். "சும்மா இருங்க டீச்சர். ஜந்துன்னா அடிக்கணும், செத்துச்சுன்னா அடுத்ததுக்குப் போகணும். ஏம்மா, மருந்தடிக்கிற உங்களுக்கா இது தெரியாது?"

மருந்துக்காரி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது.

"பதினேழு வருஷமா அடிக்கிறேன் சார். ஓட்டையை அடைக்காம அடிச்ச வீட்டுக்கெல்லாம் மூணாம் மாசம் மறுபடி போயிருக்கேன். ஒரு வீட்ல தொட்டில்ல கிடந்த கைக்குழந்தையோட காதை எலி கடிச்சிருந்துச்சு. முன்னாடி போன ஆளோட படிவத்தை எடுத்துப் பாத்தேன். நாலாவது கேள்விக்குக் கோடு போட்டிருந்தான். வெறும் கோடு! நீங்க கோடுகூடப் போடலை, கேள்வியையே தூக்கிட்டீங்க. இதுக்குக் கீழ என் பேரு வேணாம்."

பத்திரத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

கடைக்காரர் அக்காவிடம் திரும்பினார். "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா. நாலு வருஷ உழைப்பு. கையெழுத்து இல்லாம நான் அச்சுக்கு அனுப்ப முடியாது."

"நான் வாயைத் திறந்தா நீங்க தாங்க மாட்டீங்க" என்றாள் அக்கா. மேசையில் கிடந்த தன் கையெழுத்துப் பிரதிகளை வாரி, ஓரம் தட்டிச் சமப்படுத்தி எண்ணினாள். ஒன்று குறைந்தது. "பூதத்தோட தாள்?"

"அதுலதான் நான் திருத்தம் போட்டு வெச்சிருக்கேன்."

"என் தங்கச்சி எழுதினது. நான் படி எடுத்தது. குடுங்க."

அவர் கொடுத்தார். நான்காவது விடையின்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பு மை. எத்தனை தாளைக் கிழித்து எழுதிய பக்கம் அது! அக்கா அதையும் அடுக்கில் வைத்து மறுபடி எண்ணினாள்.

படியிறங்கும்போது தங்கை மூச்சு வாங்கினாள். பாதிப் படியில் நின்று, "எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கியே அக்கா. நாளைக்குக் கேப்பாங்களே" என்றாள்.

"கேக்கட்டும். கையெழுத்துப் போடலைன்னு சொல்லுவேன். ஏன்னு கேட்டா முழுசா சொல்லுவேன். டிராகன்ல ஆரம்பிச்சு ஒண்ணு விடாம சொல்லுவேன். நாப்பது பேர்ல ஒருத்தரும் தப்பிக்க முடியாது."

தங்கை சிரிக்கவில்லை. அக்காவும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.