கணவாய்க்கு அப்பால் நல்ல தண்ணீரும் ஒரு சபைச் சீட்டும்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. தூத்துக்குடி ஸ்டேஷனுக்கு என்னை வழியனுப்ப இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருத்தி என் மனைவி எஸ்தர். இன்னொருவர் எங்கள் தெருவுக்கு வண்டியில் தண்ணீர் கொண்டுவருகிறவர். ஐயா ஊரில் இல்லாத நாட்களில் ஒரு குடம் குறைத்து ஊற்றலாமா என்று கேட்பதற்காகத்தான் அவர் அவ்வளவு தூரம் நடந்திருந்தார். எஸ்தர் யோசிக்காமல், "குறைச்சிரும்" என்றாள். குடம் காலணா. வீட்டில் என் மதிப்பு நாளொன்றுக்குக் காலணா என்பது பிரயாணம் தொடங்குமுன்பே தெரிந்துவிட்டது.

அதை அதிகம் என்று சொல்கிறவர்களும் இருந்தார்கள். இருபத்திரண்டு வருஷம் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த கம்பெனி ஆபீஸைச் சுருக்கியபோது முதலில் சுருங்கியவன் நான். வயது நாற்பத்தேழு. வீட்டுக்காரர் ஆவணிக்குள் வீட்டைக் கேட்டுவிட்டார். தெருக்கிணற்று உப்புநீர் எஸ்தரின் உடம்புக்குச் சேரவில்லை. நல்ல தண்ணீர் உள்ள ஊராகப் பார்த்துப் போகும்படி டாக்டர் சொன்னார். கையில் இருக்கும் சொற்பத்தில் மாதம் ஓடவும் வேண்டும், குடிக்கத் தண்ணீரும் வேண்டும் என்றால் கணவாய் தாண்டித் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குப் போக வேண்டியதுதான் என்று தீர்மானித்தோம். தீர்மானித்தவள் எஸ்தர். பார்த்துவர அனுப்பப்பட்டவன் நான்.

இந்த யோசனைக்கு மூலகாரணம் ஞானமுத்து. என்னோடு அதே ஆபீஸில் வேலை பார்த்தவர், ஒரே வேதக்கோவிலில் பக்கத்துப் பெஞ்சுக்காரர். மூன்று வருஷத்துக்கு முன் மனைவி மரகதத்தோடு நாகர்கோவிலுக்குக் குடிபோய், மாதம் தவறாமல் கடிதம் எழுதிவந்தார். அரிசி விலை, தேங்காய் விலை, வீட்டு வாடகை, கிணற்றின் ஆழம் எல்லாம் அதில் இருக்கும். சென்ற மாதக் கடிதத்தில் பலாப்பழத்துக்கு மட்டும் பன்னிரண்டு வரி.

திருநெல்வேலியில் ரயிலை விட்டு இறங்கி, பத்து மணிக்கு நாகர்கோவில் பஸ் ஏறினேன். ஐம்பது மைல், ஒன்றேகால் ரூபாய். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என்று வழிநெடுகப் பனையும் செம்மண்ணும். பணகுடி தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. ஆனி மாதத்தில் மேற்கேயுள்ள காற்றெல்லாம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத்தான் வெளியே வருகிறது. பஸ் உள்ளே போகப் பார்க்கிறது, காற்று வேண்டாம் என்கிறது. கண்டக்டர் ஒரு கையால் தலைப்பாகையையும் மறு கையால் டிக்கட்டுக் கட்டையும் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸைப் பிடித்துக்கொள்ள யாருமில்லை.

ஆரல்வாய்மொழிச் சுங்கச் சௌக்கியில் எல்லாரையும் இறக்கிச் சோதனை போட்டார்கள். இந்தப் பக்கத்துப் புகையிலை அந்தப் பக்கம் தீர்வையில்லாமல் போகக்கூடாது. சேவகர் என் பையைத் திறந்து, ஒரு பொட்டலத்தை எடுத்து முகர்ந்தார்.

"இது என்னவாக்கும்?"

"கருவாடு. சிநேகிதர் வீட்டுக்கு."

அவர் பக்கத்துச் சேவகரைக் கூப்பிட்டார். "ஏ மக்கா, இஞ்ச வந்து பாரு. பாண்டியிலருந்து ஒராளு குளச்சல் பக்கத்துக்குக் கருவாடு கொண்டு போறாரு!"

கணவாய்க்கு இந்தப் பக்கமெல்லாம் அவர்களுக்குப் பாண்டி; குளச்சலோ அவர்களுடைய மீன்பிடித் துறை. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவனுக்குத் தீர்வை கிடையாதாம். என்னை இரக்கத்தோடு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

கணவாய்க்கு அப்பால் ஒன்பது மைல். யாரோ திரையை இழுத்தது மாதிரி நிறம் மாறுகிறது. வயல், வாழை, குளம், குளத்தில் தாமரை, மறுபடி வயல். ரஸ்தா ஓரத்து வாய்க்காலில் ஒருவர் கழுத்தளவு நீரில் நின்று எதிர்க்கரைக்காரரோடு வழக்குப் பேசிக்கொண்டிருந்தார். அவர் நின்ற தண்ணீரைக் குடக் கணக்கில் மதிப்புப் போடத் தொடங்கி, பஸ் நாகர்கோவில் சேரும்வரை போட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை வீடு பார்த்தோம். ஞானமுத்து வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, ஓட்டு வீடு, மூன்று அறை, நாலு தென்னை, ஒரு பலா. மாதம் மூன்று ரூபாய். இங்கே சமஸ்தான ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம் என்னும் காசு. நம் ரூபாய்க்கு இன்னும் அரைச் சக்கரம் அதிகம். எல்லை தாண்டியதால் என் மதிப்பு உயர்ந்தது இந்த ஒரு விஷயத்தில்தான். கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் குடித்தேன். பிறகு இன்னொரு வாளி இறைத்துத் தாகமில்லாமல் குடித்தேன். எஸ்தர் காகிதத்தில் பதினான்கு கேள்விகள் எழுதியிருந்தாள். பதின்மூன்றுக்கு நேராகத் 'திருப்தி' என்று போட்டேன். பதினாலாவது, 'அக்கம்பக்கம் எப்படி?'

அதை ஞானமுத்துவிடம் கேட்டேன். "நல்ல ஜனங்க வே. தேங்கா இங்க என்ன விலைங்கிறீரு..." என்று வேறு பக்கம் போய்விட்டார்.

மத்தியானம் குளச்சலிலிருந்து மீன் கொண்டுவரும் மரியாத்தாள் வாசலில் கூடையை இறக்கினாள். "மரகதம், விருந்துக்காரரா? பாண்டியில இருந்தா வந்திய?" என்று என்னைப் பார்த்தாள். "வீட்டுக்காரிய ஏன் கூட்டிட்டு வரல்ல? வீடு ஆம்பளைக்குத் தெரியுமா? இந்தா, நெய்மீனு. நாளைக்கு வேணுமெண்டா இண்ணைக்கே சொல்லணும்."

அவள் போன பிறகு மரகதம் சொன்னாள்: "போன ஐப்பசில பதினோரு நாள் காய்ச்சல்ல கெடந்தேன் அண்ணே. எட்டிப்பாத்தது இவ ஒருத்திதான். மீன் வாங்காத அன்னைக்கும் வந்தா."

ஞானமுத்து விசிறியைத் தேடி உள்ளே போனார். விசிறி அவர் கையிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. ஞானமுத்து போகும் கோவிலுக்கு நானும் போனேன். நூறு வருஷத்துக்கு முன் மிஷன்காரர்கள் ஊரைப் பங்கு பிரித்ததில் எங்களுக்கு ஒரு முறைமை, இவர்களுக்கு வேறொன்று. எங்களுக்கு ஜெபப் புத்தகம் உண்டு. ஜெபம் என்றதும் முழங்கால் போடுவோம். இவர்களுக்குப் புத்தகம் கிடையாது, முழங்காலும் கிடையாது. உட்கார்ந்தபடியே தலை கவிழ்வார்கள். எனக்கு இது தெரியும். என் முழங்காலுக்குத் தெரியாது. போதகர் "ஜெபிப்போம்" என்றதும் தொப்பென்று விழுந்தேன். பெஞ்சுகள் நெருக்கமாதலால் இடையில் மாட்டிக்கொண்டேன். பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

உதவிக்கு ஞானமுத்துவைப் பார்த்தேன். அவர் உட்காரவுமில்லை, முழங்கால் போடவுமில்லை. பெஞ்சு நுனியில் தொற்றிக்கொண்டு, முன் பெஞ்சில் நெற்றியை முட்டுக்கொடுத்துத் தொங்கிக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் வரும் லாவகமல்ல அது.

பிறகு சபைக் காரியம் பார்க்கும் டீக்கனார் எழுந்து, "தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கும் இரண்டு விருந்தினரைச் சபை அன்புடன் வரவேற்கிறது" என்று வாசித்தார். நான் எழுந்தேன். இன்னொருவர் யார் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் ஞானமுத்து எழுந்து, இடமும் வலமும் கும்பிட்டு, உட்கார்ந்தும்விட்டார்.

வெளியே வந்ததும் டீக்கனாரைப் பிடித்தேன். "மூணு வருஷமாவா ஐயா விருந்தாளி?"

"பின்னே? சீட்டு தந்தாலல்லா பேரு எழுதலாம்?" என்றார் அவர். "வாரா வாரம் வரவேத்து எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப் போச்சு. எங்க பெண்டுகள் சுகமில்லாத வீட்டுக்குப் போறதெல்லாம் சபைப் பேர்ப் புத்தகத்தப் பாத்தாக்கும். இவரு பேரு புத்தகத்தில இல்ல. ஒருநா நேராவே கேட்டேன், 'சார், சீட்டு எங்க?' எண்ணு. 'வருது' எண்ணாரு. அது நடந்து வந்தாலும் இதுக்குள்ள வந்திருக்குமே!"

சீட்டு என்பது இரண்டே வரி. ஒரு சபையை விட்டு இன்னொன்றுக்குப் போகிறவருக்குப் பழைய போதகர் எழுதிக் கொடுப்பது: இவர் நல்ல நிலையில் இருக்கிறார், எங்கள் புத்தகத்திலிருந்து இவர் பெயரை எடுத்துவிட்டோம்.

வீடு வந்ததும் மரகதம், அடுப்பைப் பார்த்தபடியே, "சீட்டு வருதுங்கிறதெல்லாம் சும்மா அண்ணே. இவுக எழுதியே கேக்கல" என்றாள்.

ஞானமுத்து ஒரு பலாச்சுளையை எடுத்துக் கொட்டையை நீக்கினார். பிறகு சொன்னார்: "நம்மூர்க் கல்லறைத் தோட்டத்துல அம்மாவுக்குப் பக்கத்துல ஒரு இடம் இருக்கு வே. அங்க பேரை வெட்டுனா அந்த இடமும் போயிரும்."

"சோத்துக்குச் சமஸ்தானம், சாவுக்குச் சர்க்கார் சீமையா? நீர் சாகப்போற ஒரு நாளுக்காகத் தங்கச்சி பதினோரு நாள் தனியா கெடந்திருக்கா."

"உம்ம பேரு இன்னும் அங்கதான இருக்கு? நீர் வாங்கிட்டு வாரும், பாப்போம்" என்றார் அவர். நான் பலாப்பழம் தின்றேன். பன்னிரண்டு வரிக்குத் தகுந்த பழம்தான்.

திங்கட்கிழமை காலை பஸ் புறப்படும் இடத்துக்கு இருவரும் வந்தார்கள். மரகதம் வாழைக்காய் வற்றலை என் பையில் வைத்தாள். "எஸ்தரைக் கூட்டிட்டு வாங்க அண்ணே. ஆனா சீட்டு இல்லாம வராதீங்க. நீங்க கொடுத்தீங்கன்னா வெக்கப்பட்டாவது இவுகளும் எழுதிக் கேப்பாக." ஞானமுத்து பஸ்ஸின் டயரை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது கணவாய்க் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. இன்னும் நாலணா கேட்டிருந்தாலும் கொடுக்கலாம் என்னும் வேகத்தில் போனோம். எனக்குத்தான் அவசரமில்லை. எங்கள் கோவிலில் வடக்கு ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் ஒரு கால் ஆடும். அந்தக் காலுக்கு அடியில் நான் மடித்து வைத்த அட்டை இருபது வருஷமாக அங்கேயே இருக்கிறது. அதை யாரிடம் ஒப்படைப்பது? கணவாய் தாண்டினால் அரிசியும் தண்ணீரும் பாதி விலையில் கிடைக்கின்றன. நம்மை ஏற்கெனவே தெரிந்தவர்கள் மட்டும் எந்த விலைக்கும் கிடைப்பதில்லை. அவர்களை அங்கே போய் ஆதியிலிருந்து உண்டாக்க வேண்டும். ஞானமுத்து கடிதங்களில் தேங்காய்க்கு விலை எழுதினார். மூன்று வருஷத்தில் ஒரு மனிதர் பெயரைக்கூட எழுதியதில்லை என்பது வள்ளியூர் அருகில்தான் எனக்கு உறைத்தது.

வீட்டில் எல்லாவற்றையும் எஸ்தரிடம் சொன்னேன். கிணறு, பலா, மரியாத்தாள், பதினோரு நாள், சீட்டு எல்லாம். அவள் பதினாலாவது கேள்விக்கு நேரே இருந்த காலி இடத்தையே பார்த்தாள். "நாளைக்கே போதகரைப் பாத்துருங்க" என்றாள்.

மறுநாள் எனக்குத் தலைவலி. அதற்கு மறுநாள் போதகருக்கு வேலை இருக்கும் என்று தோன்றியது. வியாழன் மழை வரும்போல இருந்தது; தூத்துக்குடியில் ஆனி மாதத்தில். இப்படி இரண்டு வாரம்.

நேற்றுச் சாயங்காலம் எஸ்தர் வெளியே போய் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதத்தை எடுத்து எட்ட நின்று காட்டினாள். இரண்டு வரி. முதலில் அவள் பெயர், பிறகு என் பெயர். மை காய்ந்திருந்தது.

"அந்த அட்டையைப் போதகர்ட்ட சொல்லிட்டேன்" என்றாள். "அவரு பாத்துக்கிடுவாராம்."

சாக்குகள் கட்டியாகிவிட்டன. தண்ணீர்க்காரரை வெள்ளிக்கிழமையோடு நிற்கச் சொல்லியாகிவிட்டது. பணம், பாத்திரப் பெட்டி, பஸ் டிக்கட்டுப் பொறுப்பு எல்லாம் என்னிடம். சீட்டை மட்டும் தர மறுக்கிறாள். ஞானமுத்துவின் கதையை அவளிடம் அவ்வளவு விவரமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.