முப்பத்தெட்டாவது பெயரைத் தேடிக் கலஹாவுக்கு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

கண்டியிலிருந்து பேராதனை வழியாகக் கலஹாவுக்கு ஏறும் வீதியில், சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை நான் மேற்கொண்ட பயணத்தைத் தங்கள் முன் வைக்கிறேன். நீண்ட பயணமன்று. காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பிவிட்டேன். ஆயினும் புறப்படுவதற்கு எனக்கு ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. நான் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை கற்றவன். எஞ்சிய தமிழைக் கடுகண்ணாவைப் புடவைக் கடையில் வேலை பார்த்தபடி, துணி சுற்ற வந்த பழைய பத்திரிகைகளில் கற்றேன். நடையில் குறை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

காலை 6.10. கடுகண்ணாவைச் சந்தியில் கண்டி பஸ் ஏறினேன். கட்டணம் எண்பது ரூபா, தூரம் ஏறக்குறைய பத்து மைல். வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் பஸ்ஸை நிறைத்திருந்தனர். ஒரு சிறுமியின் புத்தகப் பை என் மடியில் வைக்கப்பட்டது. அதன் கனத்தைத் தாங்கியபடி பிலிமத்தலாவை, பேராதனை என ஒவ்வொரு தரிப்பிடமாகக் கடந்தேன். எங்கள் காலத்துப் பிள்ளைக்குப் பையே இருந்ததில்லை. கற்பலகை ஒன்று, அதைத் துடைக்க ஒரு கந்தல், அவ்வளவே.

இப்பயணத்தின் காரணத்தை இங்கேயே சொல்லிவிடுவது முறை. கலஹாவுக்கு அப்பால் மூங்கிலடித் தோட்டம் இருக்கிறது. நான் பிறந்த இடம். எழுபதுகளின் நடுப்பகுதி வரை அங்கிருந்த பள்ளிக்கூடம் அரசாங்கத்தினுடையதன்று, தோட்டத்தினுடையது. கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையை ஒட்டி ஓர் அறை. அதில் ஐந்து வகுப்புகள். ஐந்துக்கும் சேர்த்துச் சந்தியாகு மாஸ்டர் ஒருவர். அவருடைய சம்பளமும் தோட்டத்திலிருந்தே வந்தது. நகரத்துப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி கிடைத்து முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே அரசாங்கம் எங்கள் மலையேறி வந்து, அந்த அறையைப் பொறுப்பேற்றது. பள்ளி கைமாறிய ஐம்பதாம் ஆண்டு நிறைவை இப்போது கொண்டாடுகிறார்கள். அரசாங்கத்தின் முதலாவது மாணவர் இடாப்பில் பெயர் உள்ள பழைய மாணவர்களை அழைத்துச் சான்றிதழ் வழங்கப்போவதாகவும், பெயரை முன்கூட்டியே வந்து உறுதிப்படுத்துமாறும் பள்ளியின் தலைமையாசிரியரான அதிபர் அறிவித்திருந்தார்.

இதைக் கேள்வியுற்ற சிவபாக்கியம் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். அவள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மூன்று காம்பரா தள்ளிப் பிறந்தவள். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்துவிட்டு, இப்போது அம்பிட்டியவில் மகள் வீட்டில் வசிக்கிறாள். “அண்ணே, அந்த இடாப்பை எழுதினது நீங்கதானே. கூட வந்து ஏம் பேரைக் காட்டிக் கொடுங்க” என்றாள். இடாப்பை எழுதியது நான்தான். அதில் அவள் பெயர் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும், “சரி, போவோம்” என்றேன்.

காலை 7.25. கண்டி பஸ் நிலையம். வாவிப் பக்கமிருந்து அம்பிட்டிய பஸ் வந்து நின்றது. சிவபாக்கியம் கத்தரிப்பூ நிறப் பருத்திச் சேலையில் இறங்கினாள். பழைய மூக்குக் கண்ணாடி, கையில் குடை, பிளாஸ்ரிக் உறையில் அடையாள அட்டை.

“போன தீபாவளிக்கு மாம்பழ நிறம் கட்டியிருந்தாய். அதைவிட இது நன்றாயிருக்கிறது” என்றேன்.

“அது ஒங்களுக்கு இன்னும் ஞாபகமா? கடையை விட்டும் சீலையை விடல நீங்க” என்று சிரித்தாள்.

காலை 7.50. கலஹா பஸ். தலைக்கு நூற்றிருபது ரூபா. இருபது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். கொண்டக்டர், எல்லோரையும் முன்னே தள்ளிக்கொண்டு, “இஸ்ஸரஹட்ட யண்ட, இஸ்ஸரஹட்ட” என்று சிங்களத்தில் கூவினார். பின்பு எங்களைப் பார்த்து, “அம்மா, பலாப்பழத்துக்கு சீட் இல்ல, மடியில வைங்க” என்று தமிழில் சொன்னார். பலாப்பழம் எங்களுடையதன்று. அதன் சொந்தக்காரர் கடைசி வரை வாய் திறக்கவில்லை.

பேராதனையில் திரும்பியதும் வீதி பல்கலைக்கழக வளவின் ஊடாகச் செல்கிறது. இருபுறமும் பெருமரங்கள், அகன்ற புல்வெளி, ஈரக் கற்படிகளில் அமர்ந்திருக்கும் மாணவர்கள். சிவபாக்கியம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

“பேத்தி இங்கதான் அண்ணே படிக்கிறா. ரெண்டாம் வருசம். அன்னைக்கு ஒருநாள் கேக்குறா, ‘நீங்க எத்தனாம் வகுப்பு படிச்சீங்க?’ன்னு. மூணாம் வகுப்பு, கவுர்மெண்டு இடாப்புலேயே பேரு இருக்குன்னேன். ‘எங்க, ஆதாரம் காட்டுங்க பாப்போம்’னு சிரிக்கிறா. கம்பஸ் போனா எல்லாத்துக்கும் ஆதாரம் வேணுமாம்.”

“விளையாட்டுக்குக் கேட்டிருப்பாள்” என்றேன்.

“வெளையாட்டுத்தான். ஆனா எனக்கு ஒரு தாள் வேணும் அண்ணே. ஒரே ஒரு தாள். இவ்வளவு நாளும் கைநாட்டுன்னு நெனைச்சவங்க எல்லாம் பாக்கணும்.”

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். ஹிந்தகல கடந்ததும் சொல்லலாம் என்று எண்ணினேன். ஹிந்தகலவும் கடந்தது. வீதி வளைந்து ஏறத் தொடங்கிற்று. ஒருபுறம் மண்சரிவைத் தடுக்கக் கட்டிய கல்லணை, மறுபுறம் பள்ளத்தில் மேகம்.

அவளே தொடர்ந்தாள். “பள்ளிக்கூடத்தைக் கவுர்மெண்டு எடுத்த அன்னைக்கு நான் அங்க இல்ல. அப்பா கொழுந்து பறிக்க மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. ஆனா அதுக்கு முதல் நாள் சாயங்காலம் என்ன செஞ்சாரு தெரியுமா? ஒரு முழுப் பைக்கட் பிஸ்கட்டு வாங்கியாந்து ஏங் கையில குடுத்தாரு. கோதும மா இல்லாத காலம் அண்ணே! மரவள்ளிக் கிழங்குக்கு அடிச்சுக்கிட்ட காலம். தம்பிகளுக்குக் குடுக்காத, நீயே தின்னுன்னாரு. அவரு ஒண்ணுகூட வாயில வைக்கல. மக கவுர்மெண்டுப் பள்ளிக்கூடத்துப் புள்ள ஆயிட்டான்னு அவ்வளவு சந்தோசம். அப்புறம் அம்மாவுக்கு முடியாமப் போச்சு, நான் பள்ளிக்கூடம் போகல. ஆனா அந்த பிஸ்கட்டு... அந்த மாதிரி எதையும் நான் பொறகு தின்னதே இல்ல.”

ஐயா, இந்த பிஸ்கட் கதையை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பெயர் விஷயத்தைக் கலஹா வரட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

காலை 9.05. கலஹாச் சந்தி. அங்கிருந்து தோட்டத்துக்கு நான்கு கிலோமீற்றர். முச்சக்கர வண்டிக்கு ஐந்நூறு ரூபா. சாரதி ஒரு முஸ்லிம் அன்பர். பள்ளிக்கு என்றதும் பேச்சை ஆரம்பித்தார்.

“நல்ல ஸ்கூல் சேர். ஏஎல் உயர்தரம் வரைக்கும் ஈக்கி இப்ப. எங்கட மகள் கண்டிக்குப் போற, டியூஷனுக்கு மட்டும் கிழமைக்கு மூணு நாள். ஸ்கூல் ப்ரீதான். அதுக்குப் பொறகு உள்ள எல்லாத்துக்கும் சல்லி.”

“நாங்க படிச்சப்ப டியூசனும் இல்ல, ஏஎல்லும் இல்ல” என்றாள் சிவபாக்கியம். ‘நாங்க படிச்சப்ப’ என்பதை அவள் சற்று உரக்கவே சொன்னாள்.

காலை 9.30. பழைய அறை இருந்த இடத்தில் இன்று இரண்டு மாடிக் கட்டடம் நிற்கிறது. நூலகம், தண்ணீர்க் குழாய், பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை. அரசாங்கம் செய்ததை மறைத்து எழுதுவது நியாயமாகாது. அதிபர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. அவருடைய தாயாரும் இதே மலையில் கொழுந்து பறித்தவர்.

“வாங்கய்யா. அம்மா, இந்தக் கதிரையில உக்காருங்க, மத்தது ஆடும்” என்று வரவேற்றவர், அலுமாரியைத் திறந்து, சிவப்புத் துணி முதுகிட்ட நீண்ட இடாப்பை எடுத்து மேசையில் வைத்தார். என் பதினேழு வயதுக் கையெழுத்து. மை மங்கியிருந்தது; எழுத்து மட்டும் வெட்கமில்லாமல் அழகாக இருந்தது.

அந்த எழுத்துக்காகவே மாஸ்டர் என்னை அழைத்திருந்தார். அவருக்குக் கண் பார்வை குன்றியிருந்தது. கிழிந்த பழைய இடாப்பைப் பார்த்து, அதிகாரிகளிடம் ஒப்படைக்கப் புதியதொன்றை எழுதித்தரக் கேட்டார். ஞாயிறு பிற்பகல் நான் தனியே எழுதிக்கொண்டிருக்கையில் சிவபாக்கியத்தின் தந்தை முத்தையா வந்தார். தலைத் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

“தம்பி, எம் மக பேரை இதுல எழுதாதீங்க. பன்னெண்டு வயசுன்னு சொல்லித்தான் மலையில வேலைக்குப் போட்டிருக்கேன். கவுர்மெண்டு புஸ்தகத்துல பத்து வயசுன்னு போனா வேலையை நிப்பாட்டிருவாங்க. வீட்டுல அஞ்சு வயிறு, தம்பி.”

வாரத்தில் மூன்று நாள் பள்ளி, மற்ற நாட்கள் மலை என்று இருந்த பிள்ளை அவள். இரக்கத்தினால் இசைந்தேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. தந்தை வயதுள்ள ஒருவர் என் பேனாவின் முன் கைகட்டி நின்றது எனக்கு இனித்தது. மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் வேறு வழி பார்த்திருப்பார். கேட்கவில்லை. “சரி, போங்க” என்றேன், ஒரு துரையைப் போல. மறுநாள் ஜீப்பில் வந்த அதிகாரிகள் தாளில் இருந்த பிள்ளைகளைப் பொறுப்பேற்றுச் சென்றார்கள். தாளில் இல்லாத பிள்ளையை ஒருவரும் தேடவில்லை.

அதிபர் ஒவ்வொரு பெயராக வாசித்தார்.

“ஆறுமுகம் மாரிமுத்து.”

“இந்தியாவுக்குப் போயிட்டான் டீச்சர். மண்டபம் கேம்புல இருந்து ஒரு கடுதாசி போட்டான், அதோட சரி.”

“பெரியசாமி லெட்சுமி.”

“இருக்கா. அவ வாயும் இருக்கு.”

“பெருமாள் ராஜேந்திரன்.”

“மூக்கொழுகி ராஜேந்திரன்! அவன் பேரெல்லாம் எழுதியிருக்காங்க பாருங்க!” அவள் கைகொட்டிச் சிரித்தாள். அதிபரும் சிரித்தார்.

இருபது, முப்பது என்று பெயர்கள் சென்றன. முப்பத்தேழுடன் அதிபரின் விரல் நின்றது. “அவ்வளவுதாம்மா.”

“பக்கத்தைத் திருப்புங்க டீச்சர். அந்தப் பக்கம் இருக்கும்.”

அதிபர் திருப்பினார். அதிகாரியின் கையொப்பமும் வட்ட முத்திரையும் மட்டுமே இருந்தன. சிவபாக்கியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, இடாப்பைத் தன் பக்கம் இழுத்து, விரல் வைத்து, எழுத்துக் கூட்டி முதலிலிருந்து தானே வாசிக்கத் தொடங்கினாள். முழுவதும் வாசித்தாள்.

“நான்தான் எழுதவில்லை, தங்கச்சி. மறந்துவிட்டேன்” என்றேன்.

“மறந்துட்டீங்களா?” அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “போன தீபாவளிச் சீலை ஞாபகம் இருக்கு. ஒரே லயத்துப் புள்ள பேரு மறந்துருச்சா?”

நான் தலை குனிந்தேன்.

“அப்பா வந்தாரா?”

ஆம் என்று தலையசைத்தேன். அவள் இடாப்பை மெதுவாக மூடினாள்.

“அப்ப அந்த பிஸ்கட்டு...” என்றாள்.

அதிபர், “விழாவுக்கு விருந்தாளியா வாங்கம்மா, மேடையில உக்கார வைக்கிறேன்” என்றார். “இதுல இப்ப நான் எழுதினா பொய் எழுத்தாயிரும். முத்திரை விழுந்த பக்கம்.”

“எழுத வேணாம் டீச்சர். படிச்சவள்னு கூப்பிட்டா வாறேன். விருந்தாளின்னா எனக்கு வீட்டுல வேலை இருக்கு.”

அதிபர் யோசித்தார். பிறகு என்னிடம், “ஐயா, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்து வச்சுக் கொடுங்க. இடாப்போட சேத்து வைக்கிறேன். சான்றிதழுக்கு அது போதுமான்னு மேலிடத்துல கேட்டுப் பாக்குறேன். உறுதி சொல்ல மாட்டேன்” என்றார்.

பிற்பகல் 1.15. திரும்பும் பஸ்ஸில் மழை பிடித்தது. ஜன்னல் கண்ணாடி ஏறவில்லை. அவள் குடையை விரித்து ஜன்னலுக்குப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்மேல் கோபமா என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. பல்கலைக்கழக வளவை மீண்டும் கடந்தோம். இம்முறை அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பேராதனைப் பாலத்தருகே கேட்டேன். “நடந்தபடி எழுத வேண்டுமென்றால் உன் அப்பாவின் பெயரையும் எழுத வேண்டிவரும். எழுதவா?”

பாலம் முடிந்ததும் அவள் குடையை மறு கைக்கு மாற்றினாள்.

“எழுதுங்க” என்றாள். “பிஸ்கட்டையும் எழுதுங்க. முழுப் பைக்கட்டுன்னு எழுதுங்க. அவரு ஒண்ணுகூடத் திங்கலன்னும் எழுதுங்க.”

மாலை 4.40. கடுகண்ணாவையில் இறங்கியபோது பாடசாலையும் டியூஷனும் விட்டு வந்த பிள்ளைகள் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றனர். ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. அவர்கள் எல்லோருடைய பெயரும் எங்கோ ஓர் இடாப்பில் இருக்குமென்று நம்பி நடந்தேன்.

அவள் கேட்டபடியே மேலே எழுதியிருக்கிறேன். இதன் ஒரு பிரதியை அதிபரிடம் சேர்ப்பித்தேன். மற்றது தங்கள் கையில் உள்ளது. சான்றிதழ் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. அன்று நான் எழுதாமல் விட்ட வரி இது:

38. முத்தையா சிவபாக்கியம். பெண். வயது பத்து. மூன்றாம் வகுப்பு. மூங்கிலடித் தோட்டம்.

அவள் பள்ளி மாணவியாக இருந்தாள் என்று சொல்லும் தாள் வேறு எதுவும் இல்லை. ஆகவே இதை எறிந்துவிடாமல் வைத்திருக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
க. இராமையா
கடுகண்ணாவை